‘வேண்டாம்’ என்று சொல்ல முடிந்தவர்களின் ரோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில் பண்டைய ரோமின் அரசியலைப் பற்றி வாரந்தோறும் வெளிவரும் தொடரை, எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் பிள்ளைகளோடு சேர்ந்து தொடக்கத்திலிருந்தே படித்து வருகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். தொடரின் நடை எளிமையாக இருக்கிறது. படங்களும் நன்றாக அமைந்திருக்கின்றன. நெடுங்காலம் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவனுக்குச் சிவப்பு மைப் பேனாவைத் தேடும் கை அவ்வளவு எளிதில் அடங்காது என்பதைப் பொறுத்துக்கொண்டு, இக்கடிதத்தை வெளியிட வேண்டுகிறேன்.

சிறு திருத்தங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூலியஸ் சீசரைத் தொடர் ‘ரோமப் பேரரசர்’ என்கிறது. அவர் பேரரசராக இருந்ததில்லை, கி.மு. 44இல் கொல்லப்பட்டபோது அவர் வகித்தது வாழ்நாள் சர்வாதிகாரி என்ற பதவி. முதல் பேரரசர் என்று நாம் கொள்வது அவருடைய தத்துப்பிள்ளையான அகஸ்டஸை. அடுத்து, பிற்காலப் பேரரசர் கலிகுலா தன் குதிரையைக் கான்சல் என்னும் தலைமை ஆட்சியாளர் ஆக்கினார் என்ற செய்தி. ஆக்க எண்ணியிருந்ததாகப் பேச்சு இருந்தது என்றுதான் ரோம எழுத்தாளர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார், குதிரை பதவியேற்கவில்லை. இதைச் சொன்னபோது பிள்ளைகளுக்குப் பெரும் ஏமாற்றம்.

என் மனக்குறை இவற்றில் இல்லை. தொடர் ரோமின் அரசியலை ஒன்றன்பின் ஒன்றாக வரும் வல்லாளர்களின் கதையாகவே சொல்லிச் செல்கிறது. அவர் வென்றார், இவர் வீழ்ந்தார், பின்பு மற்றொருவர் வந்தார் என்று படித்து முடிக்கும் பிள்ளைக்கு யார் வென்றார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. அதிகாரம் எப்படி இயங்கியது என்பது தெரிவதே இல்லை. வயதில் சிறியவர்களுக்கு அதெல்லாம் கனமான விஷயம் என்று ஆசிரியர் குழு கருதியிருக்கலாம். என் அனுபவம் வேறு. ‘இவர் ஒன்றைச் செய்யப் போகிறார், வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்?’ என்ற ஒரே கேள்வியைக் கையில் கொடுத்துவிட்டால், பத்து வயதுப் பிள்ளைகூட ஐந்து நூற்றாண்டு ரோம் அரசியலைத் தானாகவே தொடர்ந்து வந்துவிடுகிறது.

தொடக்கம் கி.மு. 509 என்பது ரோமர்களின் மரபு. கொடுங்கோலன் என்று பெயரெடுத்த மன்னன் டார்குவினை விரட்டியவர்கள், அரசன் வைத்திருந்த அதிகாரத்தை ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு கான்சல்களிடம் ஒப்படைத்து, ஒருவர் செய்வதை மற்றவர் தடுத்து நிறுத்தலாம் என்று விதி வைத்தார்கள். ஒவ்வொரு கான்சலுக்கும் முன்னால் பன்னிரண்டு ஏவலர்கள் தோளில் கம்புக் கட்டுகளைச் சுமந்து நடப்பார்கள். கட்டின் நடுவே ஒரு கோடரி செருகியிருக்கும். கம்பு, அடிக்கும் அதிகாரம். கோடரி, தலையை வாங்கும் அதிகாரம். ஆனால் நகர எல்லைக்குள் நுழையும்போது கோடரியை உருவி எடுத்துவிட வேண்டும். ஏனென்றால் நகருக்குள் மரண தண்டனை பெறும் குடிமகன் மக்களிடம் முறையிடலாம் என்பது சட்டம். கம்புக் கட்டுக்கு முன்னுரிமைகூட மாதத்துக்கு ஒருவர் என்று கான்சல்கள் மாற்றிக்கொண்டார்கள். இந்தக் கோடரியை உருவும் காட்சியை எங்கள் பிள்ளைகள் விளக்குமாற்றை வைத்து நடித்துக் காட்டினார்கள். தங்கள் தொடரில் கம்புக் கட்டின் படம் அழகாக வந்திருக்கிறது. அதன் பொருளை விளக்க ஒரு வரிகூட இல்லை.

கான்சலைத் தேர்ந்தெடுத்தது யார் என்று அடுத்து ஒரு சிறுமி கேட்டாள். மக்கள்தான் என்று தொடர் சொல்கிறது. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அந்தத் தேர்தல் அவையில் குடிமக்கள் சொத்து மதிப்பின்படி 193 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒரு வாக்கு. பழைய முறையில் குதிரைப்படையினருக்கு 18 பிரிவுகள், பெரும் சொத்துக்காரர்களான முதல் வகுப்பினருக்கு 80. அடுத்த நான்கு வகுப்புகளுக்குச் சேர்த்து 90 பிரிவுகள். தச்சர், கொல்லர், ஊதுகொம்பு வாசிப்பவர் ஆகியோருக்கு 4. சொத்தே இல்லாதவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அனைவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிரிவு. இவர்களுக்கு லத்தீனில் வைத்த பெயருக்குப் பிள்ளைகளைத் தவிர நாட்டுக்குத் தர வேறொன்றும் இல்லாதவர்கள் என்று பொருள் சொல்வார்கள். இன்று பாட்டாளி வர்க்கம் என்று நாம் தமிழில் சொல்லும் சொல்லின் ஐரோப்பிய மூலம் அதுவே.

இதைக் கரும்பலகையில் எழுதிப் பயனில்லை என்று தெரிந்து, 193 புளியங்கொட்டைகளை எண்ணித் தரையில் குவியல் குவியலாக வைத்தோம். மேலிருந்து கீழாக வாக்கைக் கூப்பிட வேண்டும். பெரும்பான்மைக்கு 97 வந்தவுடன் தேர்தலை நிறுத்திவிட வேண்டும். முதல் இரண்டு குவியல்களிலேயே 98 கொட்டைகள் இருந்தன. பணக்காரர்கள் ஒருமனதாக இருந்துவிட்டால் இரண்டாம் வகுப்பைக்கூட அழைக்கத் தேவையில்லை. கடைசியில் தனியாகக் கிடந்த ஒற்றைக் கொட்டையைக் கையில் எடுத்த ஏழாம் வகுப்புப் பையன், “இவங்கள எப்ப சார் கூப்பிடுவாங்க?” என்று கேட்டான். பெரும்பாலும் கூப்பிட மாட்டார்கள் என்றேன். பிற்காலத்தில் முதல் வகுப்பின் பிரிவுகளை 70ஆகக் குறைத்தார்கள் என்பதையும் சொன்னேன். அது அவனுக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

பெண்களுக்கும் அடிமைகளுக்கும் ஒரு கொட்டைகூடக் கிடையாது. ஆனாலும் கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகரத்துச் சுவர்களில், உள்ளூர்த் தேர்தலுக்காகத் தீட்டப்பட்ட விளம்பரங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் வாக்கில்லாத பெண்கள் தங்கள் பெயரைப் போட்டு இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று கேட்டவையும் உண்டு. ‘வாட்டியாவுக்குச் சில்லறைத் திருடர்களின் ஆதரவு’ என்ற பொருளில் எழுதிய ஒரு விளம்பரத்தைச் சொன்னதும், சுவர் விளம்பரம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் சிரித்து அடங்க நேரமாயிற்று. இது போன்ற ஒன்றையாவது தொடர் சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

இனி, தொடர் கைநழுவவிட்ட முதன்மையான இடத்துக்கு வருகிறேன். கி.மு. 494இல், கடன் கட்ட முடியாமல் கடன் கொடுத்தவர்களிடம் அடிமைப்பட்ட பிளெபியன் எனப்பட்ட பொதுமக்கள், போருக்கு வரமாட்டோம் என்று நகரத்தைவிட்டே வெளியேறி, சில கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஒரு குன்றில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். சமாதானம் பேசப் போன மெனேனியஸ் அக்ரிப்பா, வயிற்றோடு சண்டைபோட்டுத் தாமே மெலிந்துபோன கை கால்களின் கதையைச் சொன்னார். தொடரும் இக்கதையை அரைப்பக்கத்துக்குச் சொல்லி, கதையைக் கேட்டு மனம் மாறி மக்கள் வீடு திரும்பினார்கள் என்று முடித்துவிடுகிறது. இந்த வழிவழிக் கதையை நமக்குத் தரும் ரோம வரலாற்றாசிரியர் லிவியே அதோடு முடிக்கவில்லை. அவர்கள் வெறும் கதையோடு திரும்பவில்லை. தங்களுக்கென்று டிரிபியூன் என்னும் காவலர்களைப் பெற்றுக்கொண்டுதான் திரும்பினார்கள். வயிறு நிறைந்திருப்பவர் சொல்லும் வயிற்றுக் கதையை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, பட்டினி கிடந்தவர்கள் பெற்று வந்ததை மறைப்பது என்ன நியாயம்?

அந்த டிரிபியூன் பதவியைப் போல விந்தையான பதவியை வேறு எங்கும் நான் படித்ததில்லை. அவருக்குக் கம்புக் கட்டும் கோடரியும் இல்லை, படையும் இல்லை. எந்த அதிகாரி ஒரு குடிமகன்மேல் கை வைத்தாலும் குறுக்கே வந்து நின்று ‘நான் தடுக்கிறேன்’ என்று சொல்லலாம். சட்ட முன்வரைவையும் மேட்டுக்குடியினர் கூடிய செனட் சபையின் தீர்மானத்தையும்கூட அப்படியே நிறுத்தலாம். ஐ.நா. பாதுகாப்பு அவையைப் பற்றிய செய்திகளில் தங்கள் நாளிதழ் அடிக்கடி அச்சிடும் ‘வீட்டோ’ என்ற சொல்லுக்கு லத்தீனில் இதுவே பொருள். அவரை யாராவது தாக்கினால், தாக்கியவரைக் கொல்வது குற்றமாகாது என்று மக்கள் கூடிச் சபதம் செய்திருந்தார்கள். அந்தச் சபதமே அவருடைய கவசம். அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்தே இருக்க வேண்டும் என்றும், உதவி தேடி யார் எந்நேரம் வந்தாலும் நுழையலாம் என்றும் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். ‘வாசற்கதவை மூடாத வீடு’ என்று தலைப்புப் போட்டுத் தனிப் பகுதியே எழுதத்தக்க செய்தி இது. தொடரில் டிரிபியூனுக்குக் கிடைத்ததோ ‘மக்கள் பிரதிநிதி’ என்ற இரண்டு சொற்கள்.

இந்தத் தடுக்கும் உரிமையை முன்னேற்றத்துக்கும் பயன்படுத்தலாம் என்று லிசினியஸ், செக்ஸ்டியஸ் என்ற இருவர் காட்டினார்கள். பிளெபியன்களுக்குக் கான்சல் பதவியில் இடம் கிடைக்கும்வரை, தேர்தல்களையே ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள் என்பது லிவி தரும் செய்தி, கி.மு. 367இல் சட்டம் நிறைவேறியது.

டைபீரியஸ் கிராக்கஸைப் பற்றிய பகுதியில்தான் தொடர் என்னை மிகவும் வருத்தியது. ‘ஏழைகளுக்கு நிலம் கொடுக்க முயன்ற நல்லவர் கொல்லப்பட்டார்’ என்ற அளவில் அது முடிந்துவிடுகிறது. நடந்தது அதைவிடச் சிக்கலானது; பிள்ளைகளை யோசிக்க வைப்பதும் அந்தச் சிக்கலே. கி.மு. 133இல் டிரிபியூனாக இருந்த கிராக்கஸ், பொது நிலத்தில் ஒருவர் 500 யூகெரா அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 310 ஏக்கருக்கு, மேல் வைத்திருந்தால் மிகுதியை எடுத்து நிலமற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் இருந்தால் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். சக டிரிபியூனான ஆக்டேவியஸ், ‘நான் தடுக்கிறேன்’ என்று எழுந்து நின்றார். ஏழைகளைக் காக்க உருவான ஆயுதத்தை நிலக்கிழார்களின் பக்கம் நின்று ஒருவர் எடுத்துவிட்டார். முன்னுதாரணமே இல்லாத ஒரு வழியை அப்போது கிராக்கஸ் தேர்ந்தெடுத்தார். மக்கள் நலனுக்கு எதிராக நிற்பவர் மக்களின் காவலராக இருக்கத் தகுதியற்றவர் என்று சொல்லி, ஆக்டேவியஸைப் பதவியிலிருந்து நீக்க வாக்கெடுப்பு நடத்தினார்.

இந்த வாக்கெடுப்பு நடந்த அவை, கான்சல்களைத் தேர்ந்தெடுத்த அவையிலிருந்து வேறு. இதில் பிரிவுக்கு ஒன்றாக வாக்குகள் மொத்தம் 35. சொத்துக் கணக்கு இங்கே இல்லை. பதினேழு பிரிவுகள் நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்திருந்தன. இன்னும் ஒன்று விழுந்தால் பெரும்பான்மை. அந்த இடத்தில் கிராக்கஸ் வாக்கெடுப்பை நிறுத்தி, எல்லோர் முன்னிலையிலும் ஆக்டேவியஸைக் கட்டித் தழுவி, ‘தடையை விலக்கிக்கொள்ளுங்கள்’ என்று மன்றாடினார் என்கிறார் புளூட்டார்க். ஆக்டேவியஸின் கண்கள் கலங்கின. வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு கூட்டமாக நின்றிருந்த செல்வந்தர்கள் பக்கம் பார்வை போயிற்று. ‘உங்கள் விருப்பப்படி செய்யுங்கள்’ என்று கிராக்கஸிடம் சொல்லிவிட்டார். பதினெட்டாவது பிரிவு வாக்களித்தது.

சட்டம் நிறைவேறியது. ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்பவரைப் பெரும்பான்மை நீக்கிவிடலாம் என்றால், தடுக்கும் உரிமைக்கு என்ன பொருள்? எங்கள் நூலகத்தில் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு மணி நேரம் வாதிட்டார்கள். நான் கிராக்கஸின் பக்கம் சாய்பவன். ஆயினும் ஆக்டேவியஸுக்காகப் பேசிய எட்டாம் வகுப்புச் சிறுமியின் வாதத்துக்கு என்னால் முழுமையாக விடை சொல்ல முடியவில்லை. நாளைக்கு ஒரு கெட்ட சட்டத்தை ஒருவர் தடுக்கும்போதும் இதே வழியில் அவரை நீக்கிவிடுவார்களே என்பது அவள் கேள்வி. அதே ஆண்டில் கிராக்கஸ் மறுபடியும் தேர்தலில் நின்றபோது, தலைமைப் பூசாரி ஸ்கிபியோ நாசிகாவின் பின்னால் திரண்ட செனட் உறுப்பினர்கள், உடைந்த இருக்கைகளின் கால்களைக் கையில் எடுத்துக்கொண்டு அவரையும் அவருடைய ஆதரவாளர் முந்நூறு பேரையும் அடித்துக் கொன்றார்கள். உடல்கள் டைபர் ஆற்றில் வீசப்பட்டன. டிரிபியூனைத் தொட்டவன் உயிர் தப்பக்கூடாது என்ற பழைய சபதத்துக்கு அன்று பொருள் இல்லாமல் போயிற்று.

அதன்பின் எல்லாம் விரைவாகச் சரிந்தது. அதை விரிக்க இக்கடிதத்தில் இடமில்லை. சீசரைப் பற்றி மட்டும் இரண்டு நிகழ்ச்சிகளைத் தொடரில் சேர்க்கலாம். கி.மு. 59இல் சீசரோடு கான்சலாக இருந்த பிபுலஸ், சீசருடைய நிலச் சட்டத்தைத் தடுக்கப் பொதுமன்றத்துக்குப் போனார். அவர் தலையில் ஒரு கூடைச் சாணத்தைக் கொட்டி, அவருடைய கம்புக் கட்டுகளை முறித்து விரட்டினார்கள். மிச்ச மாதங்களை வீட்டுக்குள்ளேயே கழித்த பிபுலஸ், தடையாணைகளை எழுதி எழுதி வெளியே ஒட்டிக்கொண்டிருந்தார். ரோமர்கள் ஆண்டுகளை இரண்டு கான்சல்களின் பெயரால் குறிப்பவர்கள். ஆகவே கிண்டல்காரர்கள் அந்த ஆண்டை, ‘ஜூலியஸும் சீசரும் கான்சல்களாக இருந்த ஆண்டு’ என்றார்கள். மற்றது கி.மு. 49இல் நடந்தது. தனக்காகப் பேசிய டிரிபியூன்களைச் செனட் சபை விரட்டிவிட்டது என்றும், அவர்களுடைய உரிமையைக் காக்கவே வருகிறேன் என்றும் சொல்லிக்கொண்டு சீசர் இத்தாலியின் எல்லையாக இருந்த ரூபிகன் ஆற்றைத் தாண்டிப் படையோடு வந்தார். சில மாதங்களிலேயே, ரோமின் கருவூலத்தைத் திறக்கப் போனவர்முன் மெட்டெல்லஸ் என்ற டிரிபியூன் வந்து நின்று தடுத்தார். விலகாவிட்டால் கொன்றுவிடுவேன் என்று மிரட்டிய சீசர், செய்வதைவிடச் சொல்வதே தனக்குக் கடினம் என்றும் சொன்னாராம். மெட்டெல்லஸ் விலகிக்கொண்டார்.

அகஸ்டஸ் இவர்களைவிடக் கெட்டிக்காரர். அரசன் என்ற பெயரையோ வாழ்நாள் சர்வாதிகாரி என்ற பெயரையோ அவர் தொடவில்லை. தன்னை முதன்மைக் குடிமகன் என்று மட்டும் சொல்லிக்கொண்டார். அந்தச் சொல்லை ‘முதல்வர்’ என்று மொழிபெயர்க்கத்தான் எனக்கு ஆசை, ஆனால் பிள்ளைகள் வேறு யாரையாவது நினைத்துக்கொள்வார்கள் என்று தவிர்த்துவிட்டேன். படையின் பெரும்பகுதி அவர் கையில் இருந்தது, அதுவே அடித்தளம். அதற்கு மேல் கி.மு. 23இல், டிரிபியூன் பதவியை ஏற்காமலேயே டிரிபியூனின் அதிகாரத்தை மட்டும் பெற்றுக்கொண்டார். ஆண்டுதோறும் கான்சல்கள் வந்தார்கள், செனட் சபை கூடியது, டிரிபியூன்களும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். எவரையும் தடுக்கக்கூடியவர் ஒருவர் இருந்தார். அவரைத் தடுக்கக்கூடியவர்தாம் இல்லை. வாசற்கதவைத் திறந்து வைத்தவர்களின் அதிகாரம் இப்படி அரண்மனைக்குள் போயிற்று.

இதற்குச் சான்று தேடி இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை. மிளகுக்கும் மணிகளுக்கும் விலையாகத் தமிழகத்துக்கு வந்த ரோமானியக் காசுகளில், கொங்கு நாட்டில் மிகுதியாகக் கிடைப்பவற்றுள் அகஸ்டஸின் ஒரு வெள்ளிக் காசும் உண்டு. எங்கள் அமராவதி ஆற்று மணலிலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அக்காசின் ஒரு பக்கம் அகஸ்டஸின் தலை. மறுபக்கத்தில் இரண்டு இளைஞர்கள் கேடயங்களும் ஈட்டிகளும் நடுவில் இருக்க நிற்கிறார்கள். அவர்கள் அகஸ்டஸ் தத்தெடுத்துக்கொண்ட பேரன்கள், கேயஸும் லூசியஸும். சுற்றிலும் உள்ள எழுத்துகளில் அவர்கள் ‘கான்சலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்’ என்பதன் சுருக்கம் இருக்கிறது. குடியரசின் பிற்காலத்தில் கான்சல் ஆவதற்கு 42 வயதாகியிருக்க வேண்டும். கேயஸுக்கு அப்பதவி உறுதி செய்யப்பட்டபோது அவனுக்கு நடந்துகொண்டிருந்தது பதினைந்தாவது வயது. ஐந்தாண்டுகள் கழித்து ஏற்றுக்கொள்ளலாம் என்று முன்பதிவு செய்துவைத்தார்கள்.

காசின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன், தன் வயதுதான் என்று கணக்குப் போட்டுவிட்டு, “அந்தப் பையன், ‘எனக்கு வேண்டாம்’னு சொல்லியிருக்கலாமா சார்?” என்று கேட்டான். கேயஸ் சொல்லவும் செய்தான். ஆர்மீனியாவில் ஒரு முற்றுகையில் காயம்பட்டுச் சோர்ந்த பிறகு, எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் தன்னை விடுவித்துச் சாதாரண மனிதனாகச் சிரியாவில் வாழ விடும்படி அகஸ்டஸிடம் கேட்டுக்கொண்டான் என்று வரலாற்றாசிரியர் டியோ காசியஸ் எழுதுகிறார். முதலில் இத்தாலிக்கு வா என்று பதில் வந்தது. திரும்பும் வழியில் கி.பி. 4இல், இன்றைய துருக்கியிலுள்ள லிசியாவில், 23 வயதில் அவன் இறந்தான்.

அடுத்த வாரம் தொடர் அகஸ்டஸுக்கு வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அவருடைய பளிங்குச் சிலையின் படத்துக்குப் பதிலாக இந்தக் காசின் இரு பக்கங்களையும், எழுத்துகள் தெரியும் அளவுக்குப் பெரிதாக, வெளியிட வேண்டுகிறேன். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தமிழகத்தில் கிடைத்த ரோமானியக் காசுகள் ஏராளமாக உள்ளன. படம் எடுக்க வெகுதூரம் போக வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
கரூர் மாவட்டம்.